டிசியன்: எலியின் கண்பாவைத் தரவை ஓடவிட்டுப் பார்த்தபின் ஒரு விமர்சனம்

நேரியலற்ற காலத்தொடர் பகுப்பாய்வை, அதாவது காரணமும் விளைவும் ஒரே விகிதத்தில் நகராத ஒன்றிலிருந்து காலப்போக்கில் வரும் எண்வரிசையை ஆராய்வதை, எந்த மென்பொருளில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போதெல்லாம் ஒரே பதில்தான் சொல்கிறேன்: டிசியன் (TISEAN). ஹெகர், கான்ட்ஸ், ஷ்ரைபர் என்ற மூன்று இயற்பியலாளர்கள் எழுதியது. 1999-இல் ‘கேயாஸ்’ ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. காசு கிடையாது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். பொத்தான், மெனு, கலர் படம் எதுவும் இல்லாத, கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ஓட்டும் சின்னச் சின்ன நிரல்களின் மூட்டை அது. இவ்வளவு பழைய சாமானை ஏன் சிபாரிசு செய்கிறேன் என்று சொல்ல, எலியின் கண்ணிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு உயிருள்ள ஒன்றிலிருந்து வரும் சிக்னல் வேண்டும் என்று வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் இசிஜியை எடுப்பார்கள். இதயத்துடிப்பை வைத்து எவ்வளவோ செய்தாகிவிட்டது. இந்த முறை உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி வேறொன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எலி சும்மா இருக்கும்போது, வெளிச்சம் மாறாமல் இருக்கும்போது, அதன் கண்பாவை தானாகவே விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கிறது. அந்த அலைவுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் அவள் கேள்வி.

நல்ல கேள்வி. கண்பாவை வெளிச்சத்துக்கு மட்டும்தான் அசையும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் மூளை எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்பதும் அதில் தெரிகிறது. 2014-இல் ரெய்மர் குழுவினர் எலியை வைத்து இதைக் காட்டினார்கள்: எலி ஓடாமல் அமைதியாக விழித்திருக்கும்போதுகூட பாவையின் சின்ன விரிவு சுருக்கத்தோடு மூளைப் புறணியின் நிலையும் சேர்ந்து மாறுகிறது. அடுத்த வருடம் மெக்கின்லி, டேவிட், மெக்கார்மிக் மூவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். இரைச்சலுக்கு நடுவே ஒரு ஒலியைக் கண்டுபிடிக்க வேண்டிய எலி, பாவை நடுத்தர அளவில் இருக்கும்போதுதான் நன்றாகச் செய்கிறது. ரொம்பச் சுருங்கியிருந்தாலும் சரி, ரொம்ப விரிந்திருந்தாலும் சரி, தடுமாறுகிறது. 2016-இல் மறுபடி ரெய்மர் குழு. சட்டென்று வரும் விரிவோடு நார்அட்ரினலின் நரம்பிழைகளின் செயல்பாடும், ஓடும்போது நீடித்து நிற்கும் விரிவோடு அசிட்டைல்கோலின் நரம்பிழைகளின் செயல்பாடும் கூடுகின்றன என்று பார்த்தார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு பாதி ஏற்கெனவே பழக்கம். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதிலிருந்து, கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி வரிசையில் உட்காராத ஆள் உள்ள குடும்பம் இந்த ஊரில் குறைவு. பாவையை விரிக்கும் அந்தச் சொட்டு மருந்துகளில் டிராபிகமைடு என்பது சுருக்கும் தசையை வேலை செய்யவிடாமல் தடுக்கும். ஃபினைலெஃப்ரின் என்பது விரிக்கும் தசையைத் தூண்டும். ஒரே வட்டத்துக்குத் தசை இரண்டு. அவற்றுக்குக் கட்டளை வரும் நரம்புப் பாதையும் இரண்டு. இப்படி இரண்டு பக்கமும் இழுபடும் ஒன்று நேரியலாக நடந்துகொள்ளும் என்று நம்ப முகாந்திரம் இல்லை. அதனால் நேரியலற்ற பகுப்பாய்வு இங்கே ஆடம்பரம் இல்லை, தேவை.

எலியை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்பீர்கள். நாங்கள் ஒரு எலியையும் தொடவில்லை. சியாட்டிலில் உள்ள ஆலன் நிறுவனம், எலியின் மூளையில் நியூரோபிக்சல்ஸ் மின்முனைகளைச் செருகிப் பதிவு செய்த தரவை 2019-இல் பொதுவில் வைத்தது. எலி ஒரு சக்கரத்தட்டின் மேல் நிற்கும். தலை மட்டும் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். கண்ணை அகச்சிவப்பு வெளிச்சத்தில் கேமரா படமெடுக்கும். அந்த வெளிச்சம் எலிக்குத் தெரியாது. டீப்லேப்கட் என்ற மென்பொருள் படத்தில் பாவையின் ஓரத்தைக் கண்டுபிடிக்க, அதன் மேல் ஒரு நீள்வட்டம் பொருத்தி அளவு எடுத்திருக்கிறார்கள். ஒரு வகைப் பதிவுகளில் திரை முழுக்க ஒரே சாம்பல் நிறம் வைத்து 30 நிமிடம் சும்மா விட்டிருக்கிறார்கள். தானாக நடக்கும் அசைவைப் பார்க்க அந்த அரை மணி நேரம் தங்கம். ஒரு அமர்வின் கோப்பே ஜிபி கணக்கில் வரும், அதனால் செல்போன் டேட்டாவை நம்பி இறங்காதீர்கள். நாங்கள் கல்லூரி இணைப்பில், மற்றவர்கள் கிளம்பிய பிறகு இறக்கினோம்.

எலி ஆய்வு மதுரைக்குப் புதிது என்று நினைத்துவிடவும் வேண்டாம். காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் குழு, நம் வயல்வெளிச் சுண்டெலியை வைத்து உயிர்க்கடிகார ஆய்வு செய்திருக்கிறது. உயிரினம் தனக்குள்ளேயே என்ன தாளம் வைத்திருக்கிறது என்ற கேள்வி நாகமலைப் பக்கம் அப்போதே கேட்கப்பட்டதுதான்.

சரி, மென்பொருளுக்கு வருவோம்.

உபுண்டு போட்ட கணினி இருந்தால் போதும். சி, ஃபோர்ட்ரான் இரண்டுக்கும் கம்பைலர் வேண்டும். ஃபோர்ட்ரான் கம்பைலரைப் பலர் மறந்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால் பாதி நிரல்கள் உருவாகாது. எங்களுடையது டவுன் ஹால் ரோடு பக்கம் வாங்கிய பழைய கணினி. அதிலேயே எல்லாம் ஓடியது, கிராபிக்ஸ் கார்டு எதுவும் தேவைப்படவில்லை. உள்ளே கொடுக்க வேண்டியது வெறும் எழுத்துக் கோப்பு, வரிக்கு ஒரு எண். வெளியே வருவதும் எண்கள்தான். படம் வேண்டுமென்றால் நூபிளாட் என்ற வரைபட நிரலில் நீங்களே வரைந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு படிக்கும் தனித்தனி நிரல். முதலில் ‘மியூச்சுவல்’. தொடரில் ஒரு புள்ளிக்கும் சற்றுத் தள்ளி இருக்கும் புள்ளிக்கும் எவ்வளவு தொடர்பு மிச்சமிருக்கிறது என்று அது சொல்லும். அந்தக் கோடு முதல் முறை பள்ளத்தில் விழும் இடத்தைத் தாமதமாக எடுத்துக்கொள்வது வழக்கம். பிறகு ‘ஃபால்ஸ் நியரஸ்ட்’: எத்தனை பரிமாணத்தில் தொடரை விரித்து வைத்தால் பொய்யான அண்டை வீடுகள் மறையும் என்று பார்க்க. அப்புறம்தான் லியாபுனோவ் எண்ணும் தொடர்புப் பரிமாணமும். முதலாவது, அருகருகே தொடங்கும் நிலைகள் எவ்வளவு வேகமாக விலகுகின்றன என்று சொல்லும்; அது கூட்டல் எண்ணாக வந்தால் கேயாஸ், அதாவது விதிக்கு உட்பட்டும் நெடுநேரத்துக்குக் கணிக்க முடியாத இயக்கம், இருக்கலாம். இரண்டாவது, தொடர் வரையும் வடிவம் எவ்வளவு சிக்கலானது என்று சொல்லும். டேக்கன்ஸ் 1981-இல் நிறுவிய தேற்றம்தான் இத்தனைக்கும் அடிப்படை: ஒரே ஒரு அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலும், தாமதித்த பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முழு அமைப்பின் வடிவத்தை மீட்டெடுக்கலாம். வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதும்போது பிள்ளைகள் தலையாட்டுவார்கள். கட்டளை அடித்து, படம் விரிந்து, வளையம் வளையமாகப் பாதை தெரியும்போதுதான் நிஜமாகவே புரிந்துகொள்கிறார்கள்.

இந்த மென்பொருளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘லியாப் ஆர்’ நிரல். ரோசன்ஸ்டீன் குழு 1993-இல் சொன்ன முறை. அருகருகே இருக்கும் இரண்டு நிலைகள் காலம் போகப்போக எவ்வளவு வேகமாக விலகுகின்றன என்று பார்க்கும். முக்கியமான விஷயம், இது ஒரு எண்ணைத் தூக்கிக் கையில் கொடுக்காது. ஒரு கோட்டைத்தான் கொடுக்கும். கிடைமட்டத்தில் காலம், செங்குத்தில் விலகலின் மடக்கை. அந்தக் கோட்டில் நேராக ஏறும் பகுதி இருக்கிறதா, இருந்தால் எங்கிருந்து எங்கே வரை என்று நம் கண்ணால் பார்த்து, நாம்தான் சாய்வு எடுக்க வேண்டும்.

மாணவி முதலில் பைத்தானில் நோல்ட்ஸ் நூலகத்தை வைத்து ஒரே வரியில் லியாபுனோவ் எண்ணைக் கணக்குப் போட்டிருந்தாள். ஸ்டாஃப் ரூமுக்கு ஓடிவந்தாள்.

“மேம், பிளஸ்ல வந்திருச்சு மேம். கேயாஸ்தான்!”

“சந்தோஷம். கோட்டைப் பாத்தியா?”

“எந்தக் கோடு மேம்? நம்பர் வந்திருச்சே.”

அன்றைக்கு மதியம் அதே தொடரை டிசியனில் ஓட்டினோம். கோடு ஆரம்பத்தில் விறுவிறுவென்று ஏறியது, கொஞ்சம் வளைந்தது, அப்புறம் தட்டையாகிவிட்டது. நடுவில் ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்து ஸ்கேல் வைத்தால் நேர்கோடு மாதிரி இருக்கும். துண்டைக் கொஞ்சம் இடம் மாற்றினால் சாய்வு மாறிவிடும். பிறகு ‘சரோகேட்ஸ்’ நிரலை ஓட்டச் சொன்னேன். ஷ்ரைபரும் ஷ்மிட்ஸும் 1996-இல் கொடுத்த முறை இது. நம் தொடரில் இருக்கும் அதே எண்களை வைத்துக்கொண்டு, அலைவரிசைப் பரவலையும் கிட்டத்தட்ட அப்படியே காப்பாற்றி, மற்ற ஒழுங்கை எல்லாம் குலைத்து ஒரு போலித் தொடர் செய்யும். அதில் நேரியலற்ற இயக்கம் எதுவும் இருக்க வழியில்லை. அந்தப் போலியையும் ‘லியாப் ஆர்’ரில் கொடுத்தோம். கோடு அதே மாதிரி ஏறியது, அதே மாதிரி வளைந்தது, அதே மாதிரி தட்டையானது. இரண்டையும் ஒரே படத்தில் வரைந்தபோது எது எலி, எது போலி என்று நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப பிளஸ்ல வந்ததுக்கு அர்த்தமே இல்லையா மேம்?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததற்காகவே இந்த மென்பொருளுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். நோல்ட்ஸ் மோசம் என்று நான் சொல்லவில்லை, நன்றாக எழுதப்பட்ட நூலகம்தான். ஆனால் வெறும் இரைச்சலைக் கொடுத்தாலும் இந்த வகைக் கணக்கில் கூட்டல் எண் வரும் என்பது ஒரே வரியில் விடை வாங்கிக்கொள்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. டிசியனில் ஒவ்வொரு படியிலும் நின்று, படம் வரைந்து, முடிவெடுத்துத்தான் நகர முடியும். நேரமாகும். ஆகட்டும். எலியின் கண்பாவை மாதிரியான தரவுக்கு அந்த நேரம் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

ஏனென்றால் இது மெதுவாக அசையும் சிக்னல். மெதுவான அசைவில்தான் ஆற்றல் அதிகம், வேகமான அசைவுக்குப் போகப்போகக் குறையும். 1989-இலேயே ஆஸ்பார்னும் புரொவென்சாலேயும் எச்சரித்தார்கள்: இப்படிப்பட்ட பரவல் கொண்ட வெறும் வண்ண இரைச்சல்கூட, குறைந்த பரிமாணக் கேயாஸ் மாதிரி முடிவுள்ள ஒரு தொடர்புப் பரிமாணத்தைக் காட்டும். எண்ணிக்கையும் ஏமாற்றும். விநாடிக்கு 30 படம் என்று வைத்தால் 30 நிமிடத்துக்கு 54,000 புள்ளிகள். பார்க்க ஏராளம். ஆனால் பாவை ஒருமுறை பெரிதாக விரிந்து சுருங்க 20 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அத்தனை புள்ளிகளுக்குள்ளும் இருப்பது 90 அலைவுதான். அடுத்தடுத்த புள்ளிகள் ஏறக்குறைய ஒரே எண்கள்.

இதற்கு டிசியனில் ஒரு தடுப்பு இருக்கிறது. டைலர் விண்டோ என்பார்கள். காலத்தில் ஒட்டி நிற்கும் புள்ளிகளை அண்டை என்று எண்ணாமல் விலக்கிவிடும். அதைப் போடாமல் பரிமாணம் கணக்கிடுவது, உசிலம்பட்டியில் ஒன்றாக ஏறிப் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த இரண்டு பேரைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்று முடிவுகட்டுவது போல. இந்த விண்டோவுக்கு என்ன மதிப்பு கொடுப்பது என்று நாம்தான் யோசிக்க வேண்டும். கொடுக்காமல் விட்டாலும் நிரல் பாட்டுக்கு ஓடும். கையேட்டில் இதைப் பற்றி இருக்கிறது. அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

‘டி2’ நிரல் பற்றியும் சொல்ல வேண்டும். கிராஸ்பெர்கர், புரொகாச்சியா 1983 முறை. ஒவ்வொரு பரிமாணத்துக்கும் ஒரு கோடாகப் பல கோடுகள் வரும். அவை எல்லாம் ஒரு இடத்தில் ஒன்றாகச் சேர்ந்து சமதளமாக ஓடினால்தான் தொடர்புப் பரிமாணம் என்று ஒன்றைச் சொல்லலாம். எங்கள் பாவைத் தரவில் அப்படி ஒரு சமதளத்தைப் பார்க்க முடியவில்லை. பரிமாணத்தைக் கூட்டக் கூட்டக் கோடுகளும் மேலே போய்க்கொண்டே இருந்தன. இதை ப்ராஜெக்ட் அறிக்கையில் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். எண் வரவில்லை என்பதும் ஒரு முடிவுதான். வைவாவில் யாராவது கேட்டால் படத்தைக் காட்டட்டும்.

எனக்கு ஆசை இருப்பது ‘டைம்ரெவ்’ மேல். சின்னஞ்சிறு நிரல், அதிகம் பேர் சீண்டுவதில்லை. தொடரை முன்னோக்கி ஓட்டினாலும் பின்னோக்கி ஓட்டினாலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று ஒரே ஒரு எண்ணால் அளக்கும். நேரியல் காஸ் இரைச்சலுக்கு, அதாவது மணி வடிவப் பரவல் கொண்ட தற்செயல் அசைவுக்கு, முன்னும் பின்னும் வித்தியாசம் கிடையாது. பாவைக்கு விரிக்கும் தசை வேறு, சுருக்கும் தசை வேறு. வெளிச்சம் பட்டால் சட்டென்று சுருங்கும், பழைய அளவுக்குத் திரும்ப அதைவிட நேரம் எடுக்கும். அப்படியானால் தானாக நடக்கும் அசைவிலும் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வேகம் வேறுபடுமா? லியாபுனோவ் எண்ணைத் துரத்துவதைவிட இது உடலோடு ஒட்டிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு பக்கமும் சோதிக்க, 95 சதவீத உறுதிக்கு 39 போலித் தொடர்கள் செய்து, நிஜத் தொடரின் எண் அத்தனைக்கும் வெளியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மாணவி அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறாள். விடை அவள் அறிக்கையில் அவள் பெயரோடு வரட்டும், நான் இங்கே சொல்லக் கூடாது.

குறைகள் இல்லாமல் இல்லை. தொடர் எவ்வளவு ஒழுங்கற்றது என்று அளக்கும் சாம்பிள் என்ட்ரோபி, வரிசைமாற்ற என்ட்ரோபி, நீண்டகாலத் தொடர்பை அளக்கும் டிஎஃப்ஏ இவை இந்த மூட்டைக்குள் கிடையாது. கண்பாவை ஆய்வு படிக்கும்போது இவை தேவைப்படும், அதற்குப் பைத்தானில் நியூரோகிட் மாதிரி ஒன்றுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அங்கும் கவனம் வேண்டும். சாம்பிள் என்ட்ரோபிக்கு ஒப்பிடும் துண்டின் நீளம் 2, ஒத்துப்போவதாக எடுத்துக்கொள்ளும் எல்லை திட்ட விலக்கத்தில் 0.2 பங்கு என்ற வழக்கமான அளவுகளை மெதுவாக அசையும் தொடரில் அப்படியே போட்டால், வருகிற எண் தொடர் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். புள்ளிகளைக் குறைத்தோ தாமதம் வைத்தோதான் கணக்கிட வேண்டும்.

இன்னொன்று, தரவில் விழும் ஓட்டைகள். எலி கண் சிமிட்டும், முகம் துடைக்கும். அந்த நேரத்தில் பாவை கேமராவுக்குத் தெரியாது. டிசியன் தொடர்ச்சியான எண்களைத்தான் கேட்கும், ஓட்டையை அடைப்பது நம் பொறுப்பு. நேர்கோடு போட்டு அடைத்தால் அந்த இடம் செயற்கையாக ஒழுங்காகிவிடும், என்ட்ரோபி குறையும். சின்ன ஓட்டை என்றால் அடைக்கலாம். பெரிய ஓட்டை இருக்கும் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, ஓட்டை இல்லாத நீளமான துண்டை எடுப்பதே நல்லது. எலி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தையும் சும்மா நிற்கும் நேரத்தையும் ஒரே தொடராகக் கொடுக்கவும் கூடாது. நடுவில் நிலைமை மாறினாலே போலித் தொடர் சோதனையில் வித்தியாசம் காட்டிவிடும், அதை நேரியலற்ற தன்மை என்று நினைத்துவிடுவோம். ஆலன் தரவில் சக்கரத்தட்டின் வேகமும் சேர்ந்தே இருப்பதால் பிரித்தெடுப்பது கஷ்டமில்லை.

கையேடு ஆங்கிலத்தில், நெருக்கமான நடையில் இருக்கிறது. அரசுப் பள்ளியில் தமிழ் வழி படித்து வந்த பிள்ளைகளுக்கு முதல் வாரம் சிரமம். நான் முக்கியமான நிரல்களுக்கு மட்டும் தமிழில் ஒரு பக்கம் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து லேப் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எது முதலில், எது அடுத்து, எந்தப் படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்ற அளவுக்குத்தான். அதற்கே நல்ல பலன் இருக்கிறது. பக்கத்துக் கல்லூரியிலிருந்து வந்தவர்களும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

யாருக்கு இது வேண்டாம் என்றால், நாளைக்குள் ஒரு எண் வேண்டும் என்பவர்களுக்கு வேண்டாம். நூற்றுக்கணக்கான பதிவுகளைத் தானியங்கியாக ஓட்ட வேண்டியவர்களுக்கும் பைத்தான்தான் வசதி, டிசியனை ஒரு பதிவில் ஓட்டிச் சரிபார்த்துவிட்டு அங்கே போகலாம். காலத்தொடர் என்றால் என்ன என்று இப்போதுதான் கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்கும், கையில் நல்ல உயிரியல் தரவை வைத்துக்கொண்டு அதில் கேயாஸ் இருக்கிறதா என்று தவிப்பவர்களுக்கும் தாராளமாகச் சொல்வேன். முதலில் கேயாஸுக்குப் பேர்போன லாரன்ஸ் சமன்பாட்டிலிருந்து ஒரு தொடர் செய்து ஓட்டுங்கள். டிசியனுக்குள்ளேயே அதற்கும் ஒரு நிரல் இருக்கிறது. நிஜமான கேயாஸ் கோடு எப்படி ஏறும் என்று கண்ணுக்குப் பழகட்டும். எலியின் பாவையை அதற்கு அப்புறம் எடுங்கள்.